நாங்கள் தலைமுழுகவில்லை

என் தங்கை ஓடிப்போகவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் குரங்கணியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அங்கிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். மேலே வந்து சேரவில்லை. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இன்றைக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான். இதற்கு மேல் தெரியும் என்று சொல்கிறவர்கள் போடியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள்.

அவள் எங்கே போனாள் என்று தெரிந்துகொள்ள இதைப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அவள் போன பிறகு அவளை எங்கள் வீட்டிலிருந்து வெட்டி எறியச் சொன்னார்கள். நாங்கள் எறியவில்லை. அந்தக் கதை மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்று போதும்.

குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு ஏலத்தோட்டத்தில் அப்போது குடியிருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய தகரக் கூரை வீடுகள். லயம் என்போம். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. பறித்து வந்த பச்சைக்காயைச் சூட்டு அறையில் பரப்பி, பச்சை நிறம் மங்காமல் உலர்த்தி எடுக்க வேண்டும். அம்மாவும் நானும் காய் எடுக்கப் போவோம். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டேன். தங்கை நிற்கவில்லை.

அவள் போடியில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தாள். அப்பாவின் உடன்பிறந்த அண்ணன் அவர். கீழே கொஞ்சம் நிலம், மாடி வீடு, பஞ்சாயத்தில் முன்வரிசை நாற்காலி எல்லாம் உண்டு. தம்பி மகளைப் படிக்க வைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அவர் வீட்டுப் பாத்திரம் முழுக்கத் தேய்த்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள், பிறகு கல்லூரிக்கும் போனாள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பி.யூ.சி. முடித்து பி.எஸ்சி. தாவரவியலில் சேர்ந்தாள். எங்கள் லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி குரங்கணி வந்து, மலை ஏறி எங்களிடம் வருவாள். திங்கட்கிழமை விடியும்போது இறங்கிப் போவாள். சீசன் நேரமென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு காய் எடுக்கவும் வருவாள். ஏலச்செடிக்குக் காய் உச்சியில் இருக்காது. தூரில், மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரங்களில் இருக்கும். குத்தவைத்து, செடிக்குள் தலையை நுழைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிரை, ஒரு வரிசைச் செடி. பக்கத்து நிரையில் இருப்பவள் முகம் தெரியாது, வாய் மட்டும் கேட்கும். அவள் வந்த நாளெல்லாம் அந்த வாய்களுக்குக் கொண்டாட்டம்.

“ஏத்தா காலேஜுக்காரி, அட்டை கடிச்சா என்ன செய்யணும்னு சொல்லித் தந்துருக்காகளா?” என்று ஒருத்தி கேட்பாள்.

“தந்துருக்காக மதினி. பிச்சு எடுத்து, கேள்வி கேட்டவுக மேல விடணும்.”

ஒரு நாள் இஞ்சியும் மஞ்சளும் ஏலமும் ஒரே குடும்பம் என்று சொன்னாள். நிரை நிரையாகச் சிரிப்பு போனது.

“அப்ப யாரு யாரைக் கட்டிக்கிற மொற?”

“கட்டிக்கிற மொறையே இல்ல. எல்லாம் பங்காளிக.”

“அதான பாத்தேன். இஞ்சி வெல இறங்கினா ஏலம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குது. பங்காளின்னா அப்படித்தான்.”

இப்படிப் பேசுகிற பெண் அவள். பயந்து ஒடுங்கினவள் இல்லை. பின்னால் அதையே அவளுக்கு எதிராகத் திருப்பினார்கள். வாயாடிப் பெண், அதனால் ஓடியிருப்பாள் என்றார்கள். ஊமையாக இருந்திருந்தால் கமுக்கமாக இருந்து ஓடிவிட்டாள் என்றிருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. அவள் வரவில்லை. மழைக்குப் பயந்து பெரியப்பா வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று நினைத்தோம். கீழே பெரியப்பா வீட்டில் அவள் எங்களிடம் இருப்பதாக நினைத்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் பெரியப்பா நேரிலேயே மலையேறி வந்தார். அவர் எங்கள் லயத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் நுழைந்து நாலு பக்கமும் பார்த்தார்.

“அவ எங்க?”

“அங்கதான இருக்கா?” என்றாள் அம்மா.

பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தார். “கதவைச் சாத்துங்க” என்றார்.

வருகிற வழியிலேயே அவர் விசாரித்திருந்தார். குரங்கணி டீக்கடைக்காரர் அவள் இறங்கினதைப் பார்த்திருக்கிறார். புத்தகப் பையைப் பாலித்தீன் தாளில் சுற்றிக்கொண்டு பாதையில் ஏறினதையும் பார்த்திருக்கிறார். பெரியப்பா காதில் அது விழவில்லை. வேறொன்று விழுந்திருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் ஜீப்பு ஓட்டிய ஒருவன் அதே சனிக்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை. இரண்டையும் அவரே முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

“வாயத் தெறக்காதீக,” என்றார் அப்பாவிடம். “கம்பத்துல பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு தெருவுல சொல்லிக்கிறேன். நீங்களும் அதையே சொல்லுங்க. நான் ஆள் விட்டுத் தேடுறேன்.”

“காட்டுல தேட வேணாமா?” என்றாள் அம்மா.

“காட்டுல எதுக்குத் தேடணும்? அவ என்ன ஆடா மாடா?”

அப்பா தலையை ஆட்டினார். அண்ணன் சொல்லுக்கு அவர் எந்தக் காலத்திலும் தலையை ஆட்டித்தான் பழக்கம். அந்த வாரம் முழுக்க மழை பெய்தது. ஒரு பெண் மலைப்பாதையில் காணாமல் போனால் மற்ற ஊரில் என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் மானத்துக்குப் பயந்து அவளைக் கம்பத்துக்கு அனுப்பினார்கள். பாதையில் ஏதாவது தடம் இருந்திருந்தால் அந்த மழையில் கரைந்து போயிருக்கும். யோசித்துப் பார்த்தால் பெரியப்பாவுக்கு அதுதான் வசதி. அவர் பொறுப்பில் இருந்த பெண் காணாமல் போனால் அது அவர் குற்றம். அவளாக ஓடிப்போனால் அது அவள் குற்றம்.

அம்மா வேலைக்குப் போனாள். எடுக்க வேண்டிய நிரையை விட்டுவிட்டு ஓடைப் பக்கம் இறங்குவாள். கூடையில் காய் இருக்காது. வேலை வாங்கும் கங்காணி இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் கத்தினார்.

“என்னம்மா, நிரையை விட்டுட்டு எங்க மேயப் போற?”

அம்மா நிமிர்ந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். மழைக்குப் போட்டிருந்த சாக்கு முக்காட்டைத் தள்ளிவிட்டாள்.

“எம் மகளைக் காணும்,” என்றாள். “கம்பத்துக்கும் போகல, எங்கயும் போகல. சனிக்கெழம இந்தப் பாதையில ஏறுனவளைக் காணும்.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சரிவில் செடிக்குள் இருந்த ஒவ்வொரு தலையும் வெளியே வந்தது. அதற்கு முன்னால் அத்தனை முகங்களை ஒரே நேரத்தில் நான் அங்கே பார்த்ததில்லை.

அட்டைக் கேள்வி கேட்கும் மதினிதான் முதலில் கூடையைக் கவிழ்த்தாள்.

“ஏத்தா, இதைச் சொல்றதுக்கு இத்தன நாளா? எந்திரிங்கடி எல்லாரும்.”

“சம்பளம் கெடையாது, சொல்லிட்டேன்,” என்றார் கங்காணி. “காய் பழுத்துக் கெடக்கு. ஓனரு வந்தா நான் என்ன சொல்றது?”

“ஓனருக்கும் பொம்பளப் புள்ள இருக்குன்னு சொல்லுங்கண்ணே. இல்ல, நீங்களும் எங்க கூட வாங்க. மரத்துல ஏறிப் பாக்க ஒரு ஆள் வேணும்.”

அவர் வந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்களுக்குத் தேடத் தெரியாது. நிரை பிடிக்கத்தான் தெரியும். அதனால் காய் எடுப்பதுபோலவே நிரை பிடித்தார்கள். ஆளுக்குக் கை எட்டும் தூரம் விட்டு, மேலிருந்து குரங்கணிப் பக்கம் இறங்கினார்கள். ஒரு புதரையும் விடவில்லை. ஒவ்வொரு தூருக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார்கள்.

காட்டுக்குள் எங்கள் ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் வேறு ஏதாவது அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. கூகூ என்று குரல்தான் கொடுப்பார்கள். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். அம்மா மட்டும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்தவள், “வேணாம்த்தா, பேரு சொல்லாத” என்றாள்.

“அவளுக்கு அந்தப் பேரைத்தான வச்சேன்,” என்றாள் அம்மா. “கூகூன்னா வச்சேன்?”

அதற்குப் பிறகு அவர்களும் பெயரைச் சொன்னார்கள். ஒரு மலைச்சரிவு முழுக்க என் தங்கையின் பெயரைக் கூப்பிட்டது. காய் பழுத்து உதிர்கிற நேரத்தில் கூலியை விட்டுவிட்டுப் பிறகும் பல நாள் இறங்கினார்கள். ஒரு செருப்பு, ஒரு தாள், ஒரு துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களை நினைக்கும்போது எனக்கு அழுகை வராது. பெருமைதான் வரும். சாகும்வரை வரும்.

போலீசுக்கு அதற்குப் பிறகுதான் போனோம். கீழே இருந்த ஸ்டேஷனில் ஏட்டு முதல் கேள்வியாக, “யாரையாச்சும் விரும்புச்சா?” என்றார். எஸ்டேட்டு மேலே கேரள எல்லையில் இருப்பதால் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லச் சொன்னார். அங்கே போனால் பெண் தமிழ்நாட்டில் படித்தவள், அங்கே போய்ச் சொல்லு என்றார்கள். பாதை இரண்டு மாநிலத்துக்கும் பொது, அதனால் இரண்டு பேருக்கும் அதில் வேலை இல்லை. யானை அடித்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். யானை புத்தகப் பையைத் தின்னாது. ஓடை அடித்துப் போயிருக்கும் என்றார்கள். ஓடையின் இரண்டு கரையையும் நாங்கள் நடந்திருந்தோம்.

இதற்குள் கம்பம் பொய் உடைந்துவிட்டது. கம்பத்துப் பெரியம்மாவே போடிச் சந்தைக்கு வந்து, “எங்க வீட்டுக்கு யாரும் வரலையே” என்று சொல்லிவிட்டாள். ஊர் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஓடிப்போகாவிட்டால் எதற்காக மறைத்தார்கள் என்று கேட்டது. நல்ல கேள்விதான். பெரியப்பாவைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எங்களைப் பார்த்துக் கேட்டார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. பொட்டிபுரம் பக்கம், சொந்தக் கிணறும் தோட்டமும் உள்ள குடும்பம். பெரியப்பாதான் கொண்டுவந்தார். அவர் வீட்டில் வைத்துப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை என்னிடம், “மேல ரொம்பக் குளிருமா?” என்று கேட்டார். “கம்பளி இருந்தா குளிராது” என்றேன். சிரித்தார். எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன். குத்தவைத்துக் காய் எடுத்துக் கால் வீங்கியே காலம் போய்விடுமோ என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, தண்ணீர் இறைக்கும் கிணற்றடி ஒன்று கண்ணில் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஓடினவளுக்குத் தலைமுழுகிவிட வேண்டும்.

ஓடிப்போன பெண்ணுக்கு எங்கள் பக்கம் இப்படித்தான் செய்வார்கள். தகப்பன் ஆற்றில் இறங்கி, சாவுக்கு முழுகுவதுபோலத் தலையோடு முழுகி எழ வேண்டும். எழுந்தால் அந்தப் பெண் செத்தவள். அதன் பிறகு அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அவளே வந்து வாசலில் நின்றாலும் யாரென்று கேட்கக் கூடாது. அந்தக் குடும்பத்தில் அப்போதுதான் சம்பந்தம் வைப்பார்கள்.

பெரியப்பா நாள் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை, இன்னொரு மகள் கண்முன்னால் நிற்கிறாள். நிற்கிறவளுக்காவது வழி பண்ணுவோம் என்று நினைத்தார்.

அன்றைக்குக் காலையில் மூன்று பேரும் மலையிலிருந்து இறங்கினோம். அம்மா முன்னால் போனாள். நான் அப்பாவுக்குப் பின்னால் நடந்தேன். குரங்கணி வீடுகள் கண்ணில் தெரிந்ததும் சொன்னேன்.

“எனக்காக முழுகப் போறீகளா?”

அவர் திரும்பவில்லை. “ஒனக்கும் வயசு போகுதுல்ல ஆத்தா.”

“மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்காரு. எனக்குப் புடிச்சுத்தான் இருக்கு. ஆனா அவளை முழுகிட்டு வர்ற கல்யாணம் எனக்கு வேணாம். நாளைக்கு அவ வந்து நின்னா நான் எந்த மூஞ்சியோட கதவைச் சாத்துறது?”

“வருவாளா?” என்றார்.

“தெரியாது. வந்தா?”

அவர் நடந்துகொண்டே இருந்தார். அவர் என்ன முடிவு பண்ணினார் என்று ஆற்றங்கரை போகும்வரை எனக்குத் தெரியாது.

கொட்டகுடி ஆற்றில் அப்போது முழங்காலுக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா கரையில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பெரியவர்கள் சாட்சிக்கு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் அவர்களுக்குப் பின்னால் நின்றார். இந்தக் காரியத்துக்குப் பெண்கள் வரும் வழக்கம் இல்லை. எங்களைப் பார்த்ததும் பெரியப்பா முகம் மாறியது.

“பொம்பளைகளுக்கு இங்க என்ன சோலி?”

“பெத்த சோலி,” என்றாள் அம்மா.

பெரியப்பா அவளை விட்டுவிட்டு அப்பாவிடம் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். “வெரசா முடி. வந்தவுக காத்துக்கிட்டு இருக்காக.”

அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். எண்ணெயை வாங்கவில்லை. தண்ணீரில் இறங்கினார். அம்மா கரையில் நின்றபடியே பேசினாள். அவள் யாரையும் பார்த்துப் பேசவில்லை, தண்ணீரைப் பார்த்துப் பேசினாள்.

“முழுகுறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லிருங்க. அவ செத்துட்டாளா, ஓடிட்டாளா? செத்தான்னா எனக்குப் பொணத்தக் காட்டுங்க, நானும் சேந்து முழுகுறேன். ஓடிட்டான்னா எவன் கூட ஓடினான்னு காட்டுங்க. ரெண்டுல ஒண்ணு காட்டாம எம் புள்ளைய யாரும் முழுகக் கூடாது.”

மரத்தடியில் இருந்த பெரியவர்களில் ஒருவர், “என்னங்க இது, வீட்டுக்குள்ள பேசி முடிச்சுட்டு வர மாட்டீகளா?” என்றார் பெரியப்பாவிடம்.

“அவ கெடக்கா. டேய் தம்பி, நீ முழுகுடா.”

அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றார். நெடுநேரம் நின்றதுபோல எனக்கு இருந்தது. அவர் குனிந்ததும், சரி, முழுகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். கரைக்கு ஏறி வந்தார்.

“நான் காலைலயே குளிச்சுட்டேண்ணே,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என் கையிலிருந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். அண்ணன் சொன்னதற்கு அவர் தலையை ஆட்டாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அடிவாரத்துக் கடையில் மூன்று பேரும் டீ குடித்தோம். அம்மா ஒரு வடை வாங்கி அவர் கையில் வைத்தாள். பெண்டாட்டி வாங்கிக் கொடுத்து அவர் தின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அரசன் மாதிரி தின்றார்.

சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் வாய் இருந்தது, அந்த மரத்தடியில் திறக்கவில்லை. திறக்காதவனோடு எத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்க முடியும் என்று நினைத்து மனதை ஆற்றிக்கொண்டேன். கொஞ்ச நாள் ஆகத்தான் செய்தது.

பெரியப்பா வீட்டு நல்லது கெட்டதுக்கு எங்களைக் கூப்பிடுவது நின்றது. போடியில் சொந்தக்காரர்கள் எதிரே வந்தால் கடைக்குள் நுழைந்துகொள்வார்கள். எஸ்டேட்டில் அப்படி இல்லை. லயத்தில் ஒருத்தியும் எங்களிடம் முகத்தைத் திருப்பவில்லை.

இரண்டு மூன்று வருசம் கழித்து அந்த ஜீப்பு டிரைவர் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றான். பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தான். ஓனரோடு லோடு விசயத்தில் சண்டை போட்டுக்கொண்டு குமுளிப் பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறான். அங்கேயே கல்யாணமும் பண்ணியிருக்கிறான். ஊரில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது போன வாரம்தான் காதுக்கு வந்ததாம்.

“அண்ணே, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றான் அப்பாவிடம். “அந்தப் புள்ளைய ஒரே ஒரு தடவ ஜீப்புல ஏத்திருக்கேன். அதுவும் ஒங்க வீட்டு மதினியோட சேத்துத்தான். சீட்டு கிழிஞ்சுருக்கு, தச்சா என்னன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான் அது எங்கிட்டப் பேசுன பேச்சு.”

கேட்டிருப்பாள். அவள்தான் அது.

“ஒன் மேல எங்களுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லப்பா,” என்றார் அப்பா. அவன் பெண்டாட்டியைப் பார்த்து, “உள்ள வாத்தா, புள்ளைய மழையில வச்சுக்கிட்டு நிக்காத, காப்பி குடி” என்றார்.

மறுநாளே அவனைப் போடிக்குக் கூட்டிப்போய்ப் பெரியப்பா தெருவில் நிறுத்தினேன். வாசலில் நின்று கேட்டேன். “பாத்துக்கங்க பெரியப்பா. இவன் கூடத்தான ஓடினா?”

பெரியப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப வேற எவனோ” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு பெண் ஓடிப்போனாள் என்று முடிவு பண்ணிவிட்டால் அவர்களுக்கு ஆள்கூடத் தேவை இல்லை. அதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகள் பிறந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. போடியில் ஜீப்புப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் கேட்டு வந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். எதையும் மறைக்கக் கூடாது என்று அம்மா முதலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், “நாங்க தலைமுழுகல, முழுகவும் மாட்டோம்” என்றாள்.

என் மாமியாராகப் போகிறவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். “எங்க வீட்லயும் மூத்தவன் அங்கருந்து கப்பல் ஏறல. இருக்கானா இல்லையான்னு தெரியாது. அதுக்கு நான் யாரைப் போய் முழுகச் சொல்றது? பொண்ணுக்கு இட்லி அவிக்கத் தெரியுமா, அதச் சொல்லுங்க.”

“தெரியாது,” என்றேன்.

“பொய் சொல்ல மாட்டேங்குது,” என்றாள் மகனிடம். பேச்சு முடிந்தது.

கல்யாணப் பத்திரிகை அடிக்க அப்பாவும் நானும் போடியில் ஒரு அச்சகத்துக்குப் போனோம். அச்சுக்காரர் குடும்பத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். “கூடப் பொறந்தவுக?” என்றார். தங்கை என்று சொல்லி அவள் பெயரைச் சொன்னேன். அவர் போடிக்காரர், கதை தெரியும். பேனாவை வைத்துவிட்டார்.

“பேருக்கு முன்னாடி ஏதாச்சும் போடணுமேம்மா. செல்வியா, திருமதியா? இல்ல…” அமரர் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நல்ல மனுசன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர்தான் பேசினார்.

“செல்வி.”

“சரிண்ணே.”

“பின்னாடி பி.எஸ்சி.ன்னு போடுங்க.”

“படிப்பு முடிஞ்சுச்சா?”

“ரெண்டாம் வருசம் படிச்சுக்கிட்டு இருந்துச்சு.”

“அப்ப பி.எஸ்சி.ன்னு போட முடியாதேண்ணே. யாராச்சும் கேப்பாக.”

“ரெண்டாம் வருசம்னே போடுங்க,” என்றார் அப்பா. “அதான நெசம்.”

அவர் எழுதினார். அச்சுக் கோத்துக் காட்டினார். என் பெயருக்குக் கீழே, தங்கை என்ற இடத்தில், செல்வி என்று அவள் பெயர், பக்கத்தில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அவளோடு படித்தவர்களுக்கெல்லாம் அதற்குள் கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் அவள் இரண்டாம் ஆண்டு. அப்பா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. அதை வேட்டியில் துடைக்கவில்லை.

லயத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்தோம். படிக்கத் தெரியாத மதினிகள் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். போடியில் எங்களைக் கண்டு கடைக்குள் நுழைந்தவர்களுக்கும் கொடுத்தோம். ஒருவரையும் விடவில்லை.

பெரியப்பாவுக்கு நானே கொண்டுபோனேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகையை மேலே வைத்து, முறைப்படி நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து படித்தார். தங்கை என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். அந்த இடத்திலேயே இருந்தார். அந்த வீட்டுப் பெரியம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்.

“படிச்சுட்டீகளா பெரியப்பா?” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப கல்யாணத்துக்கு வந்துருங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.